கீழ் லயத்தில் கேட்ட தண்ணீர்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸில் ஒரு தேநீர் விருந்து. ஓய்வு பெற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து ஆளுக்கொரு மாலை போட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். "மேடம், உங்க தண்ணி டெஸ்ட்டைத்தான் நாங்க இன்னும் வச்சிருக்கோம் லா. விசாரணை ஃபாரத்துல நாப்பது கேள்வி இருக்கு. ஆனா அந்த ஒண்ணு போதும், வீடு எப்படின்னு தெரிஞ்சிடுது" என்றாள். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  அந்தப் பெண்ணிடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். நாலு பேர் நடுவில் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பார்த்த வேலைக்கு அப்போது சரியான பெயர்கூடக் கிடையாது. மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலில் தாயும் தகப்பனும் போய்விட்டால், பிள்ளையைச் சின்னம்மாவோ மாமனோ அத்தையோ எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டவர்கள் அதைப் பிள்ளையாக வைத்திருக்கிறார்களா, சம்பளமில்லாத வேலைக்காரியாக வைத்திருக்கிறார்களா என்று போய்ப் பார்த்து எழுத வேண்டும். முதல் மாதம் ஒரு தடவை, நாலாம் மாதம் ஒரு தடவை, வருஷம் திரும்பும்போது ஒரு தடவை. நான் 'சரி' என்று எழுதினால் பிள்ளை அங்கேயே இருக்கும். 'சரியில்லை' என்று இரண்டு தடவை எழுதினால் கோலாலம்பூரில் இருந்த அநாதை விடுதிக்குப் போகும். அங்கே இடமில்லாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவில் இருக்கும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அதற்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பாரில்லை.

இந்த வேலைக்கு நான் வந்தது யாரும் திட்டம் போட்டு அல்ல. அப்பா கிள்ளான் ரயில்வேயில் கூட்ஸ் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுகிறவர். நான் பெண்கள் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன், பதினேழில் கல்யாணம், பத்தொன்பதில் புருஷன் போய்த் தாலி இறங்கியது. திரும்பவும் அப்பா வீட்டில் வந்து உட்கார்ந்தேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள்ளே போய்ப் பெண்களோடு பேச ஆண் கிராணிகளால் முடியவில்லை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று, இந்தப் பிள்ளைகளின் காரியம் பார்த்த கிள்ளான் ஆபீஸில் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா மூன்று நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

என்னைப் பழக்கியவர் பெரிய கிராணி கந்தப்பிள்ளை. யாழ்ப்பாணத்துக்காரர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு தினமும் காலை ரயிலில் கிள்ளானுக்கு வருவார். மழையானாலும் வெயிலானாலும் கையில் குடை இருக்கும். நாங்கள் தமிழில் எழுதிக் கொடுப்பதை ஆங்கிலத்தில் மாற்றி வெள்ளைக்காரத் துரையிடம் வைப்பார், துரை கையெழுத்துப் போடுவார். ஆகவே ஒரு பிள்ளை எங்கே வளர வேண்டும் என்பதை நிஜத்தில் முடிவு செய்தது அவருடைய நீலப் பென்சில்தான்.

என் முதல் அறிக்கையில் 'பாவம், அந்தக் குழந்தை மிகவும் பரிதாபமான நிலையில் இருக்கிறது' என்று எழுதியிருந்தேன். நீலப் பென்சிலால் இரண்டு வட்டம் போட்டார். "பாவம் எண்டதை நான் துரைக்கு எப்பிடி இங்கிலீசில எழுதுறது, பிள்ளை? உம்மட கண் கண்டதை எழுதும். மனசு சொன்னதை வீட்டில வச்சிட்டு வாரும்" என்றார். அந்த அறிக்கையை ஐந்து தடவை எழுதினேன். ஐந்தாவது தடவை அதில் பாவமும் இல்லை, பரிதாபமும் இல்லை. முழங்காலில் இரண்டு புண், ஒன்றில் ஈ, கட்டுத்துணி இல்லை என்று மட்டும் இருந்தது. பாவம் என்று எழுதியதைவிட அது உறைத்தது. அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று அப்போது புரிந்தது.

அவர் சொல்லிக் கொடுத்த முறையை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எடுத்த ரப்பர்ப் பாலை நிறுத்து முடிந்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பும் உச்சிவேளையில் போக வேண்டும். பெரியவர்களிடம் பேச்சுக் கொடுப்பதற்கு முன் பிள்ளையின் குதிகாலையும் தலையையும் பார்க்க வேண்டும். பிறகு அந்த வீட்டுச் சொந்தப் பிள்ளையின் குதிகாலையும் தலையையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி அழுக்கு என்றால் குற்றமில்லை. ஒன்றுமட்டும் அழுக்கு என்றால் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். பாய் எத்தனை, யார் பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்று பிள்ளையின் வாயாலேயே வரவழைக்க வேண்டும்.

"கடைசியா அந்தப் பிள்ளையிட்டத் தண்ணி கேளும்" என்றார். "தன்ர வீடு எண்டு நினைக்கிற பிள்ளை நேர உள்ளுக்குப் போய் மொண்டுகொண்டு வரும். அப்பிடி நினைக்காத பிள்ளை, முதல்ல வளக்கிறவளின்ர முகத்தைப் பாக்கும். அந்த ஒரு பார்வை போதும் பிள்ளை, மிச்சத்தை நீர் கண்டுபிடிச்சிடுவீர்."

கிள்ளான் டவுனில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் அது பலித்தது. தங்கை மகளை எடுத்து வளர்த்தார்கள். பிள்ளைக்குச் சரிகைப் பாவாடை, தலையில் பூ, கழுத்தில் மணி. என்னை உட்கார வைத்துப் பலகாரம் கொடுத்தார்கள். நான் அந்தப் பிள்ளையிடம் தண்ணீர் கேட்டேன். அது மாமியின் முகத்தைப் பார்த்தது. மாமி "போ" என்று கண்ணைக் காட்டிய பிறகு போய், கொல்லைத் தொட்டியிலிருந்து தகரக் குவளையில் கொண்டு வந்தது. அடுப்படிப் பானையைத் தொட அதற்கு அனுமதி இல்லை. விறகுக் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தது. பாவாடை அன்றைக்கு மட்டும் உடுத்தியது, யாரோ நான் வருவதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறிக்கையைப் படித்துவிட்டுக் கந்தப்பிள்ளை பென்சிலை மேசையில் வைத்து, என்னைப் பார்த்து "ம்" என்றார். அவரிடம் அதற்குமேல் பாராட்டு வாங்கியவர் யாருமில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் குதிகாலையும் பாயையும் கடமைக்குப் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்கும் நிமிஷத்துக்காகக் காத்திருந்தேன்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்றுதான் காத்தாயி வீடு. பந்திங் போகும் சடக்கில், ரோட்டை ஒட்டி ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். எல்லாத் தோட்டத்தையும் போல அங்கேயும் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை. கீழ் லயம் ஓடைப் பக்கம், மழை பெய்தால் வாசல் வரை தண்ணீர் ஏறும். காத்தாயி பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். அவளுடைய அக்காளும் அக்காள் புருஷனும் ஒரே மழைக்காலத்தில் போய்விட, அவர்கள் மகள் அஞ்சலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். அஞ்சலைக்கு எட்டு வயசிருக்கும். காத்தாயிக்கும் அதே வயசில் ஒரு மகள்.

இரண்டு பிள்ளைகளும் ஒரே துணியில் தைத்த சட்டை போட்டிருந்தார்கள். இரண்டு தலையிலும் எண்ணெய், பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டிய பின்னல். நாலு குதிகாலும் ஒரே மாதிரி வெடித்திருந்தன. ஒரே பாய். "நான் சின்னம்மாவுக்கும் சுவருக்கும் நடுவுல படுப்பேன், எனக்குப் பயம்னு" என்றாள் அஞ்சலை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "தாகமா இருக்கு, அஞ்சலை. கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றேன்.

அவள் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். அஞ்சலை விடுக்கென்று உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். திரும்பி வரவேயில்லை.

"தண்ணி கலங்கலா இருக்கும்மா" என்றாள் காத்தாயி. "செத்த இருங்க, எளனி சீவித் தரச் சொல்றேன்." மேல் லயத்திலிருந்து ஒரு ஆள் வந்து இளநீர் வெட்டிக் கொடுத்தான். நான் நன்றாகக் குடித்தேன்.

அறிக்கையில் கந்தப்பிள்ளைக்குப் பிடித்த மாதிரியே எழுதினேன். 'தண்ணீர் கேட்டபோது பிள்ளை சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தது. உள்ளே போய் ஒளிந்தது. அழைத்தும் வரவில்லை. சின்னம்மா பேச்சை மாற்றினாள்.' எல்லாம் கண் கண்டது. நீலப் பென்சில் எங்கும் படவில்லை. நாலாம் மாதம் போனேன். அதே கேள்வி, அதே பார்வை, அதே கதவு, மறுபடியும் இளநீர். 'பிள்ளை பயத்தில் வளர்கிறது' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அது கண் கண்டதில்லை. அந்த வரியைக் கந்தப்பிள்ளையும் அடிக்கவில்லை.

அஞ்சலையை விடுதிக்கு அழைத்துப் போகும் உத்தரவை எடுத்துக்கொண்டு நானே போனேன். காத்தாயி கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் ஆட்களை மேய்க்கும் கங்காணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். "என்னம்மா குத்தம் பண்ணேன்?" என்று மட்டும் கேட்டாள். "பிள்ளை உங்ககிட்டப் பயப்படுது" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கங்காணியைப் பார்த்தாள். சொல்லாமல் உள்ளே போய் அஞ்சலையின் துணியை மூட்டை கட்டினாள்.

கிள்ளானிலிருந்து ரயில். அஞ்சலைக்கு ஒரு ரொட்டி வாங்கிக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டு தின்னாமல் வந்தாள். பாதி வழியில், "நான் ஒண்ணும் குடுக்கலியே" என்றாள். "என்னம்மா?" என்றேன். "நான் குடுக்கலியே" என்று மறுபடியும் சொன்னாள். ரொட்டியைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, "நீயே தின்னு, யாருக்கும் குடுக்க வேணாம்" என்றேன். 

விடுதியில் சேர்ந்து மூன்று மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். விடுதி அம்மாள் அஞ்சலையைக் கூப்பிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அஞ்சலை ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்தாள். என் கைக்கு எட்டாத தூரத்தில் தரையில் வைத்தாள். நாலடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"கையில குடு, புள்ள" என்றார் விடுதி அம்மாள்.

"அவங்க மேல சாதி" என்றாள் அஞ்சலை.

கீழ் லயத்தில் இருந்தவர்கள், ஊரில் சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சாதியார். கப்பலேறி வந்தும் கங்காணிமார் அவர்களைத் தனியாகக் கீழே வைத்தார்கள். அவர்கள் மொண்ட தண்ணீரை மேல் லயத்தார் குடிக்க மாட்டார்கள். குடிக்கக் கொடுத்தால் திமிர் என்பார்கள், அடியும் விழும். வெட்டாத இளநீருக்குத் தீட்டில்லை, அதுவும் மேல் லயத்து ஆள் வந்து சீவ வேண்டும். இது எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டிலேயே கக்கூஸ் கழுவ வருகிறவருக்கென்று தனிக் குவளை உண்டு. அம்மா அதில் உயரத் தூக்கித்தான் ஊற்றுவாள். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊற்றுகிற பக்கமே இருந்தவளுக்கு, வாங்குகிற பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. காத்தாயியின் சொந்த மகளிடம் ஒரே ஒரு தடவை தண்ணீர் கேட்டிருந்தால் அவளும் அதே கதவுக்குப் பின்னால்தான் போயிருப்பாள். சொந்தப் பிள்ளையையும் பார் என்பதுதானே எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்? அதைத் தண்ணீருக்கு மட்டும் மறந்துவிட்டேன்.

"சின்னம்மா அடிப்பாங்களா, அஞ்சலை?" என்று கேட்டேன்.

"இல்ல. கேட்டாலும் குடுக்காத, உள்ள போயிடுன்னு சொல்லும். நான் குடுக்கலியே. அப்புறம் ஏன் கூட்டியாந்தீங்க?"

அந்த டம்ளரை அன்று நான் எடுத்துக் குடித்தேன் என்று எழுத ஆசைதான். குடிக்கவில்லை. எடுக்கவே தோன்றவில்லை. அது தரையிலேயே நிறைந்து இருந்தது, நான் எழுந்து ஸ்டேஷனுக்குப் போனேன்.

மறுநாள் பழைய அறிக்கைகளை எல்லாம் இறக்கி வைத்துப் பார்த்தேன். தண்ணீரை வைத்து நான் 'சரியில்லை' என்று எழுதிய தோட்டத்து வீடுகள் ஒவ்வொன்றும் கீழ் லயத்து வீடு. அந்த அறிக்கைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கந்தப்பிள்ளை மேசையில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு தாளாகப் படித்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

"நான் இருவது வருசமா இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறன், பிழைக்கேல்லை" என்றார் கடைசியில்.

"ஐயா எங்க நின்னு கேட்டீங்க?"

அதைக் கேட்டிருக்கக் கூடாதுதான். வாயில் வந்துவிட்டது. டவுன் வீடுகளுக்கு அவர் உள்ளே போவார். தோட்டத்தில் கங்காணி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளையை அங்கே வரச் சொல்வார், அங்கே தண்ணீர் கேட்க வழியில்லை. கீழ் லயத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. அந்தக் கேள்வியை அங்கே முதலில் கொண்டுபோனது நான். அவர் கோபிக்கவில்லை. குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அஞ்சலையைத் திருப்பி அனுப்பும் தாளை எடுத்துக் காரணம் எழுதும் இடத்தில், 'உறவினர் நிலைமை திருந்தியுள்ளது' என்று எழுதினார்.

"ஐயா, அவங்க திருந்துறதுக்கு என்ன இருக்கு? தப்பு நம்மளோடது."

"பிள்ளை, அந்தப் பெட்டை வீட்ட போகவேணுமோ, இல்லாட்டி நீர் சொல்லுறது கடதாசியில வரவேணுமோ? ரெண்டும் துரையிட்டக் கிடையாது. ஒண்டைச் சொல்லும்."

அஞ்சலை போகட்டும் என்றேன். இன்றைக்கும் அந்தத் தாளில் காத்தாயிதான் திருந்தினவள். மற்றப் பிள்ளைகளையும் தேடினேன். சிலரைத் திருப்பி அனுப்ப முடிந்தது. இரண்டு பேர் அதற்குள் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகு நான் யாரையும் தண்ணீர் கேட்டுச் சோதிக்கவில்லை. ஆனால் ஏன் கேட்பதில்லை என்று ஒரு தாளிலும் எழுதவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் என் பழைய அறிக்கைகளைப் படித்து அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

அஞ்சலையை நானே கொண்டுபோய் விட்டேன். சடக்கிலிருந்து லயத்துக்குப் போகும் மண்பாதையில் என் கையை உதறிவிட்டு ஓடினாள். காத்தாயி வாசலில் அவளைப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பேன் பார்த்தாள்.  "தப்பு என்னோடதுதான், காத்தாயி. நான் தண்ணி கேட்டது, அவ பயந்தது, அதை வச்சுத்தான்…" என்று இழுத்தேன்.

"தெரியும்மா" என்றாள். "அன்னைக்கே தெரியும். கங்காணி நிக்கிறாரு, என்னத்தச் சொல்றது?"

அவள் அஞ்சலையின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்கு அடி பழகிப் போச்சும்மா, அதுக்காகக் குடுக்காதன்னு சொல்லல. இது ஆசையா மொண்டாந்து நீட்டும். நீங்க வாங்காம, 'கீழ வச்சிடு'ம்பீங்க. வச்சது வச்சபடி இருக்கும். அதை இது பாத்துக்கிட்டு நிக்கணும். இந்த வயசுலயே அது வேணாம்னுதான் உள்ள போயிடச் சொன்னேன்."

நான் விடுதி வராந்தாவில் விட்டுவந்த டம்ளர் அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அஞ்சலைக்குத் தெரியும். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் எனக்குக் கண்ணைத் தூக்க முடியவில்லை. அந்த வேலையில் அத்தனை வருஷம் இருந்தும், ஒரு பிள்ளையை இவ்வளவு நினைத்து வளர்த்தவளை நான் வேறு பார்க்கவில்லை.

"தண்ணி வேணும்" என்றேன்.

காத்தாயி உடனே நகரவில்லை. "குடிக்கிறதா இருந்தாக் கேளுங்க" என்றாள்.

"குடிக்கத்தான் கேக்குறேன்."

அவள் அஞ்சலையைப் பார்த்துத் தலையசைத்தாள். அஞ்சலை உள்ளே போய்ப் பித்தளைச் செம்பில் மொண்டு வந்து, கையை நன்றாக நீட்டி என் கையில் கொடுத்தாள். பழக்கத்தில் செம்பை அண்ணாந்து தூக்கப் போனேன். இறக்கி, வாய் வைத்துக் குடித்தேன். ஓடைத் தண்ணீர், உண்மையிலேயே கலங்கல்தான். மேல் லயத்திலிருந்து யாரோ நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அஞ்சலை அதை வாங்கி, இரண்டு கையாலும் சாய்த்துப் பிடித்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் மிச்சம் இல்லை என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் போனாள்.